கிட் போட்ட அம்பாசிடர் மேட்டில் ஏன் சத்தம் போடுகிறது?

கேள்வி: எங்கள் வீடு தக்கலை. அப்பா வைத்திருந்த 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரை நான்தான் ஓட்டுகிறேன். மின்சாரத்தைத் துண்டித்துப் பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்ட் அடிக்கடி தீய்ந்துபோனதால், இரண்டு மாதம் முன்பு அதற்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டேன். இப்போது ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறை பக்கம் மேடு ஏறும்போது, டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியதுபோல் இன்ஜினில் சத்தம். கிட் போட்டவர், "கிட்டு போட்டா அப்படித்தான் கேக்கும், வண்டி ஓடுதுல்லா?" என்கிறார். இன்னொருவர் இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். கிட்டைக் கழற்றவும் வேண்டாம். கிட்டைப் போட்டவர் டைமிங்கை, அதாவது பொறி வரும் நேரத்தை, திரும்ப வைக்கவில்லை. பத்தில் ஒன்பது வண்டிகளில் கதை இதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். பிளக்கில் பொறி வர வேண்டிய நேரம் ஒன்று உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன். அதைவிட முந்தி வந்தால் பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் கூடிவிடும். மீதியிருக்கும் பெட்ரோல் ஆவி அந்தச் சூட்டில் தானாகவே வெடிக்கும். உங்களுக்குக் கேட்கும் சத்தம் அதுதான்.

பாயிண்ட் இருந்த காலத்தில் சுழலும் தண்டில் உரசும் அதன் குதிப்பகுதி நாளுக்கு நாள் தேயும். தேயத் தேய இடைவெளி குறைந்து, பொறி கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தும். வண்டி இழுக்கவில்லை என்று நீங்கள் போய் நிற்பீர்கள்; மெக்கானிக், பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தருவது) துளி திருப்பி முந்த வைத்துவிடுவார். இப்படி எத்தனை வருடக் கணக்கு அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் ஏறியிருக்கிறதோ! கிட்டில் தேய்வதற்கு எதுவும் இல்லை. பொறி வரும் இடமும் பாயிண்ட் திறக்கும் இடமும் ஒன்றல்ல. பழைய நிலையிலேயே விட்டுவிட்டால் பொறி முந்திவிட வாய்ப்பு அதிகம். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு டிகிரி என்பது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் கணக்கில் இரண்டு டிகிரி. விரல் அசைவில் கெட்டுப்போகிற சமாசாரம்.

"காதாலேயே வச்சிருவேன் சார்" என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஐடிலிங்கில் டைமிங் முந்த முந்த இன்ஜின் இனிமையாகத்தான் ஓடும். பட்டறை வாசலில் பாட்டுப் பாடும் வண்டி மேட்டில்தான் அழும். பொறி வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் வைத்துத்தான் பார்க்க வேண்டும். முழு டேங்க் பெட்ரோல் விலையைவிடக் குறைந்த காசுக்குக் கிடைக்கிற பொருள் அது. பல பட்டறைகளில் அது இல்லை, கேட்டால் கோபம் வேறு வருகிறது. நீங்களே ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின் சூடான பிறகு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் குழாயை (இன்ஜின் உறிஞ்சும் இழுப்பால் பொறியை இன்னும் முந்த வைப்பது) கழற்றி அதன் வாயை அடைத்துவிடுங்கள். லைட்டின் கிளிப்பை ரேடியேட்டர் பக்கமிருக்கும் முதல் பிளக் ஒயரில் மாட்டுங்கள். கிராங்க் புல்லியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். எண்ணெய் அழுக்கில் தெரியாது. போன மாதம் என் பட்டறைக்கு வந்த ஒரு டிரைவர், இடுப்பிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்து அந்த வெட்டில் தடவினார். லைட் அடித்ததும் வெள்ளைக் கோடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து எட்டி நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்பைத் தளர்த்தி, உள்ளே ரோட்டர் சுற்றும் திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பைத் துளித்துளியாகத் திருப்பினால் டைமிங் பிந்தும். வண்டியோடு வந்த புத்தகத்தில் உங்கள் மாடலுக்குப் போட்டிருக்கும் டிகிரிக்கு வந்ததும் நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கிய பிறகு இன்னொரு தடவை லைட் அடியுங்கள், இறுக்கும்போதே நகர்ந்துவிடும்.

டைமிங் சரியாக வைத்தும் சத்தம் வந்தால் அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இதைப் பாதிப்பேர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து மேடு ஏறும்போது வேக்கம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அப்போது சத்தம் வந்தால் வேக்கம் குழாயின் மேல் பழி போட முடியாது. மாறாக, தோவாளை வயலோரம் சமதளத்தில் பாதி மிதியில் போகும்போது சத்தம் வந்து, முழுக்க மிதித்தால் நின்றுபோனால் சந்தேகம் வேக்கம் மேல்தான். கிட் போட்டவர் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து பிடுங்கி, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவிலிருக்கும் மேனிஃபோல்டில் செருகியிருக்கிறாரா பாருங்கள். குழாயைக் கழற்றி, வாயை அடைத்து, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஒரு நடை ஓட்டுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான். நிற்காவிட்டால் அது இல்லை. அடைக்காமல் ஓட்டினால் காற்று உள்ளே போய், பெட்ரோல் விகிதம் குறைந்து, சத்தம் அதிகமாகும். பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

முழு மிதியில்தான் வருகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடித்தட்டின் கீழே, வேகம் கூடக் கூடப் பொறியை முந்த வைக்கும் எடைகளையும் சுருள் வில்களையும் பாருங்கள். குளச்சல் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று பட்டு இவை துருவேறி, முந்திய நிலையிலேயே ஒட்டிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். லைட் அடித்துப் பார்க்கும்போது, ஆக்சிலேட்டரை விட்டதும் புல்லியின் கோடு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

அப்புறம், கடைக்காரர்கள். "பவர் காயிலும் மாத்துங்க, சத்தம் போயிரும்" என்பார்கள். பொறிக்கு வேண்டிய மின்னழுத்தத்தைக் கூட்டித் தருவதுதான் காயில்; அதற்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. கிட், காயில், பிளக், ஒயர் என்று செட்டாக விற்றால் கமிஷன் செட்டாகக் கிடைக்கிறது. ஆக்டேன் பாட்டில் ஊற்றச் சொன்னாலும் கேட்காதீர்கள். பெட்ரோல் இப்படித் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவுதான் ஆக்டேன் எண்; சாதாரண பெட்ரோலுக்கு அது முன்பு 91. இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்ததற்கு 95. உங்கள் பழைய இன்ஜினுக்கு அதுவே தாராளம். எத்தனாலால் வேறு தொல்லை உண்டு: காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் விகிதம் மெலிந்து இன்ஜின் சூடேறும், பழைய ரப்பர் குழாய்கள் கெடும். கார்புரேட்டரில் பெட்ரோலை ஒரு துளி கூட்டி வைத்து, குழாய்களை மாற்றிவிடுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல் வேண்டுமென்று எந்தப் பங்கில் போய்க் கேட்பது? 20 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய் கேட்கிறார்கள். அந்தக் காருக்கு ஏற்ற பெட்ரோலைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, அதனால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். அங்கே வண்டியை நிறுத்தி வைத்துத்தான் பார்க்கிறார்கள், மேடு ஏற்றிப் பார்ப்பதில்லை.

"சத்தம் கெடக்கட்டும்" என்று மட்டும் ஓட்டாதீர்கள். நாளடைவில் பிஸ்டன் மண்டை உருகும், ரிங் பதியும் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கட் போகும். அப்போது இன்ஜினை இறக்கச் சொன்னவர் சொன்னது பலித்துவிடும். டைமிங் வைக்கும் வரை மேட்டில் ஒரு கியர் குறைத்து, மிதியைத் தளர்த்தி ஓட்டுங்கள்.

போர் போட வேண்டும் என்று சொன்னவரிடம் நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் மீட்டர் வைத்துப் பார்த்து, எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாலும் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை ஒட்டி, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் இருந்தால் இன்ஜினைத் தொட விடாதீர்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.