குளுக்கோஸ் ஏன் திரும்பிப் போவதில்லை?

அன்புள்ள ஐயா,

நான் உயிர்வேதியியல் முதலாண்டு மாணவி. செல் குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றல் பெறும் பாதையான கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளையும் நொதிகளின் பெயர்களோடு ஏழெட்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். தேர்வு முடிந்த மறுவாரமே பாதி மறந்துவிடுகிறது. செல் உயிரியல் அப்படி இல்லை. படங்கள் இருப்பதால் மனதில் நிற்கிறது. இரண்டு பாடங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. உயிர்வேதியியல் மனப்பாடம் செய்ய வல்லவர்களுக்கான துறைதானா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியைவிட அதற்கு முந்தைய வரியில்தான் நான் நின்றுவிட்டேன். இரண்டு பாடங்களுக்கும் தொடர்பு தெரியவில்லை என்கிறீர்கள். மறதியின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வினைகள் ஒரு நோட்டிலும் செல்லின் படம் இன்னொரு நோட்டிலும் கிடக்கின்றன. வினை நடக்கும் இடத்தை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது பெயர்ப் பட்டியல். அது மறக்கத்தான் செய்யும்.

நீங்கள் எழுதிப் பார்த்த முதல் படியையே எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸ் செல்லுக்குள் வந்ததும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதன் மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஆற்றல் பெறுவதற்காகத் தொடங்கும் வேலையில் முதலிலேயே, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. ஒன்று செலவாகிறது. ஏன்? செல்லைச் சூழ்ந்த சவ்வின் நடுப்பகுதி கொழுப்பு; மின்னேற்றம் உள்ள மூலக்கூறு அதைத் தானாகக் கடப்பது அரிது. வெறும் குளுக்கோஸ், தான் நுழைந்த கடத்திப் புரதத்தின் வழியாகவே வெளியேறிவிட முடியும். எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட் ஒட்டியபின் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. இன்னொரு பயனும் உண்டு: வந்த குளுக்கோஸ் உடனுக்குடன் வேறு பொருளாக மாறுவதால் உள்ளே அதன் செறிவு தாழ்ந்தே இருக்கிறது, வெளியிலிருந்து மேலும் வந்துகொண்டே இருக்கிறது. சவ்வைப் படத்தில் வரையாமல் இந்தப் படியை விளக்கவே முடியாது.

இடத்தை மறந்து வினையை மட்டும் பார்க்கும் பழக்கம் பெரிய ஆய்வாளர்களையும் பல ஆண்டுகள் அலைக்கழித்திருக்கிறது. 1950களில் அவர்கள் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கிப் போகும்போது விடுபடும் ஆற்றலை வாங்கி, ஏ.டி.பி. உருவாக்கத்துக்குக் கொடுக்கும் உயர் ஆற்றல் இடைநிலைச் சேர்மம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று நம்பினார்கள். கிளைக்காலிசிஸில் 1,3-பிஸ்பாஸ்போகிளிசரேட் என்ற இடைநிலைச் சேர்மம் செய்வது அந்த வேலையைத்தான் என்பதால் நம்பிக்கைக்கு நியாயமும் இருந்தது. ஆனால் அந்தச் சேர்மம் யார் கையிலும் அகப்படவில்லை.

1961இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல், அப்படி ஒரு பொருளே தேவையில்லை என்றார். எலக்ட்ரான்கள் நகரும்போது புரோட்டான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. இரு பக்கங்களுக்கும் இடையே எழும் வேறுபாடுதான் ஆற்றலின் சேமிப்பு என்பது அவர் கருத்து. புரோட்டான்கள் திரும்பி வரும் பாதையில் ஏ.டி.பி. உருவாகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. அத்தனை பேர் குடுவைக்குள் தேடியதற்கு விடை குடுவையின் சுவரில் இருந்தது!

துறை இதை எளிதில் ஏற்கவில்லை. 1966இல் ஜேகன்டார்ஃப், யூரிபே என்ற ஆய்வாளர்கள், தாவரங்களில் ஒளியைக் கொண்டு ஏ.டி.பி. உருவாக்கும் பசுங்கணிகங்களின் உட்சவ்வுகளை அமிலக் கரைசலில் வைத்து, பிறகு காரத்தன்மை உள்ள கரைசலுக்கு இருட்டிலேயே மாற்றினார்கள். சவ்வின் இரு பக்கப் புரோட்டான் வேறுபாட்டாலேயே, ஒளி இல்லாமல் ஏ.டி.பி. உருவானது. 1974இல் ராக்கரும் ஸ்டோக்கனியஸும் லிப்பிட் குமிழிகளில் இரண்டு புரதங்களைப் பொருத்தினார்கள். ஒன்று உப்பை விரும்பும் நுண்ணுயிரின் புரோட்டான் பம்பு, ஒளியால் இயங்குவது; மற்றது மாட்டின் இதய மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எடுத்த, ஏ.டி.பி. உருவாக்கும் நொதி. உறவே இல்லாத இரண்டையும் இணைத்தது சவ்வு மட்டும்தான். ஒளி பட்டதும் ஏ.டி.பி. உருவானது. மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

அளவையும் மனதில் வையுங்கள். மைட்டோகாண்ட்ரியா உட்சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே சுமார் 150 மில்லிவோல்ட். சிறிய எண்தான். ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரு மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட்! சவ்வில் புரோட்டான் கசிந்தால் என்ன ஆகும் என்பதும் இப்போது உங்களுக்கே தெரியும். டைநைட்ரோபீனால் அப்படிக் கசியவைக்கும் நஞ்சு. ஆக்சிஜன் செலவாகும், ஏ.டி.பி. உருவாகாது, ஆற்றல் வெப்பமாகப் போகும். பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் ஒரு புரதம் இதே கசிவை அளவோடு நடத்தி உடலைச் சூடாக வைக்கிறது.

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இருபது அமினோ அமிலங்களின் அமைப்பும், எது எந்த மின்னேற்றத்தில் இருக்கும் என்பதும் கேட்டவுடன் நினைவுக்கு வரவேண்டும். அவை எழுத்துகள், எழுத்து தெரியாமல் வாசிக்க முடியாது. வினைப் பாதைகளை அப்படிப் படிக்காதீர்கள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் அது செல்லின் எந்தப் பகுதியில் நடக்கிறது, விளைபொருள் அங்கிருந்து வெளியேற முடியுமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

கிளைக்காலிசிஸின் ஆறாம் படியில் ஒரு கேள்வி கேட்கிறேன். அங்கே உருவாகும், எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்.ஏ.டி.எச். மூலக்கூறு சைட்டோசாலில், அதாவது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே உள்ள செல் திரவத்தில், இருக்கிறது. அதன் எலக்ட்ரான்கள் போய்ச் சேர வேண்டியது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு. ஆனால் அந்த மூலக்கூறு உட்சவ்வைத் தாண்டாது. எலக்ட்ரான்கள் எப்படிப் போகின்றன? புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.