கேளுங்க, சொல்றோம்: எரிமலை ஊருக்கு குடும்பத்தோட போலாமா?

கேள்வி: தம்பி இந்தோனேசியால, மெடான்ல வேலை பாக்கறான், லீவுக்கு போறோம். பக்கத்துல பெரஸ்தாகின்னு மலை ஊர் இருக்கு, ரெண்டு எரிமலை தெரியும், கூட்டிட்டு போறேன்ங்கறான். 10 வயசு பையன வச்சிகிட்டு போலாமா? - திருச்சி வாசகி

பதில்: தாராளமா போங்க. வடக்கு சுமத்ரால கரோ ஜனங்களோட ஊரு, மெடான்ல இருந்து 65 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனா சனி ஞாயிறுல மெடானே திரண்டு குளிர் வாங்க மேல ஏறும், ரோட்டுலயே பாதி நாள் போயிடும், நடு வாரத்துல போங்க, ஸ்வெட்டர் எடுத்துக்கங்க.

சினாபுங், சிபாயாக்னு ரெண்டு மலை, ரெண்டும் ஒண்ணு கிடையாது, அத முதல்ல மனசுல வச்சுக்கங்க. சினாபுங் (2,460 மீட்டர்) பல நூறு வருஷமா சும்மா கிடந்துட்டு 2010 ஆகஸ்ட்ல முழிச்சுது, 2013ல மறுபடி ஆரம்பிச்சு வருஷக்கணக்கா ஓயல. நாமெல்லாம் எரிமலைன்னா நெருப்புக் குழம்பு ஆறா ஓடி வரும்னு நெனைக்கறோம்ல, இங்க ஆள கொன்னது அது இல்ல. உச்சில குழம்பு கெட்டியாகி குவிஞ்சு நிக்கும், அது சரிஞ்சா கொதிக்கற சாம்பலும் வாயுவும் கல்லும் ஒண்ணா சரிவுல பாயும், ஓடித் தப்பிக்கவே முடியாது. 2014 பிப்ரவரி 1ல குறைஞ்சது 14 பேர், 2016 மே மாசம் 7 பேர் போனாங்க, எல்லாம் யாரும் போகக் கூடாதுன்னு போட்ட தடை வட்டத்துக்குள்ள. அதுல தோட்டத்த விட மனசில்லாம உள்ள போன விவசாயிங்களும் உண்டு, அவங்கள குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல, பொழப்பு அந்த மண்ணுல இருக்கு. ஆனா நமக்கு அந்த கட்டாயம் இல்லியே? போட்டோக்காக யாராவது 'உள்ள கூட்டிட்டு போறேன்'னா கும்பிடு போட்டுட்டு குண்டாலிங் குன்று மேல நின்னு பாருங்க, காலைல மேகம் ஏறறதுக்கு முன்னாடி நல்லா தெரியும்.

ஏறணும்னா சிபாயாக். சுமார் 2,200 மீட்டர், 1881க்கு அப்புறம் வெடிச்சதில்ல, ஆனா உயிரோடதான் இருக்கு, பாறை இடுக்குல குக்கர் மாதிரி உஸ்ஸுன்னு ஆவி வரும், ஓரமெல்லாம் மஞ்சளா கந்தகம் படிஞ்சிருக்கும். ஆவிகிட்ட பையன விடாதீங்க. திடீர்னு பனிமூட்டம் இறங்கி பாதை தப்பினவங்க உண்டு, உள்ளூர் ஆள் இல்லாம ஏறவே கூடாது. அடிவாரத்துல வெந்நீர் ஊத்து குளம் இருக்கு, இறங்கறதுக்கு முன்னாடி கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாம் கழட்டிடுங்க, கந்தகம் பட்டா கருத்துடும்.

கிளம்பற அன்னிக்கு மாக்மா இந்தோனேசியா ஆப்ல எச்சரிக்கை லெவல் பாத்துக்கங்க. 1ல இருந்து 4 வரைக்கும், 1 சாதா, 3 வந்துட்டா பேசாம மெடான்லயே மாரியம்மன் கோயில் பாத்துட்டு வாங்க, 1884ல நம்ம ஆளுங்க கட்டினது.

கேள்வி: நாங்க சைவம். சாப்பாடு? - அதே வாசகி

பதில்: கஷ்டம்தான், பன்னி வறுவல்தான் அங்க ஃபேமஸ். சோறு, தெம்பே (புளிக்க வச்ச சோயா கட்டி), கீரைன்னு கேளுங்க, ஆனா சம்பால்ங்கற மிளகா சட்னில எறா விழுது சேப்பாங்க, முன்கூட்டியே சொல்லிடணும். பழ சந்தை இருக்க கவலை எதுக்கு, எரிமலை மண்ணு, கோஸும் கேரட்டும் ஆரஞ்சும் குவியுது. மார்கிசான்னு ஒரு பழம், ஓட்ட ஒடச்சா கருப்பு விதையோட புளிப்பும் இனிப்புமா வழியும், பையன் விட மாட்டான்.

கேள்வி: அங்க சோலியா, பாண்டியான்னு குலப்பேர் இருக்காமே, நம்ம சோழ பாண்டியனா? - மதுரை வாசகர்

பதில்: கரோக்கள்ல செம்பிரிங் குலத்துல அந்த பேருங்க இருக்கு, பெலாவின்னும் ஒண்ணு, அத பல்லவன்னு சொல்றாங்க. ஆய்வாளருங்க பலர் தென்னிந்தியத் தொடர்ப ஒத்துக்கறாங்க, சுமத்ராவோட மேற்குக் கரைல பாரூஸ் பக்கம் 1088ம் வருஷத்து தமிழ் கல்வெட்டே கிடைச்சிருக்கு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவோடது. அதுக்காக அங்க போய் 'நீங்க எங்காளு'ன்னு தோள்ல கை போடாதீங்க சார், அவங்க கரோ. 'மெஜுவா-ஜுவா'ன்னு வணக்கம் சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க.