கொடைக்கானலில் இரண்டு படுக்கையறை காட்டேஜை ஆன்லைனில் நாள் வாடகைக்கு விடுகிறேன். வார இறுதி மட்டும்தான் நிரம்புகிறது. வருமானத்தைக் கூட்ட என்ன செய்யலாம்?

சனிக்கிழமை வாடகையை ஏற்றுவது அப்புறம். முதலில் வாரநாட்களில் காலியாகக் கிடக்கும் இரவுகளைப் பாருங்கள்.

மாதத்தில் வார இறுதி இரவு (வெள்ளி, சனி) 8, மற்றவை 22 என்று வைப்போம். எல்லா நாளும் 4,500 ரூபாய் வைத்து, வார இறுதி நிரம்பி, வாரநாளில் 4 இரவு மட்டும் போனால் 54,000. வார இறுதியை 5,500 ஆக்கி 7 இரவும், வாரநாளை 2,800க்கு இறக்கி 10 இரவும் போனால் 66,500. ஆனால் கூடுதலாக வந்த 12,500 முழுதும் கைக்கு வராது. கமிஷன் 15 சதவீதம் போனால் 1,875. துப்புரவு, சலவை, கீசர் கரண்ட் சேர்த்து ஒரு தங்கலுக்கு 950 ஆகிறது என்றால், கூடுதல் 5 இரவும் தனித்தனி ஆட்களாக வந்தால் 4,750. மிஞ்சுவது 5,875. அதே 5 இரவும் ஒரே குடும்பம் தங்கினால் துப்புரவும் சலவையும் ஒரே தடவைதான். ஆகவே வெறும் வாரநாள் தள்ளுபடி வேண்டாம்; மூன்று இரவுக்கு மேல் தங்கினால் தள்ளுபடி என்று வையுங்கள்.

வாரநாளில் வருபவர்கள் பெரும்பாலும் ஜோடிகள், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். ஜோடிக்கு இரண்டு அறை எதற்கு? ஒரு அறையைப் பூட்டிவிட்டு, அதே வீட்டைக் குறைந்த வாடகையில் இன்னொரு லிஸ்டிங்காகப் போடுங்கள். இரண்டின் காலண்டரையும் இணைத்துவிட வேண்டும். வேலை செய்பவர்களுக்கு ஃபைபர் இணைப்பு, சரியான உயரத்தில் மேசை, கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட இன்வெர்ட்டர். இணைய வேகத்தைச் சோதித்த ஸ்கிரீன்ஷாட்டையும் படங்களோடு சேருங்கள்.

சனிக்கிழமை மட்டும் ஒருவர் எடுத்தால் வெள்ளி வீணாகும். வெள்ளி, சனிக்குக் குறைந்தது 2 இரவு என்று வைத்து, பத்து நாளுக்கு முன்பும் போகவில்லை என்றால் ஒரு இரவுக்குத் திறந்துவிடுங்கள்.

சீசனில் வாடகை ஏற்றும்போது 7,500ஐக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு இரவுக்கு 7,500 வரை ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. நீங்கள் 7,500 வைத்தால் விருந்தினர் கொடுப்பது 7,875. 7,600 வைத்தால் 8,968. உங்களுக்கு நூறு ரூபாய் கூட, அவருக்கு ஆயிரத்துக்கு மேல்.

கொடைக்கானல் வரும் வாகனத்துக்கு ஆன்லைனில் எடுக்கும் அனுமதியான இ-பாஸும் கணக்கில் வரும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனம் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. புக்கிங் உறுதியானதுமே இ-பாஸ் எடுக்கச் சொல்லி லிங்க் அனுப்பினால், கடைசி நேர ரத்து குறையும்.

ரேட்டிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் வெந்நீரும் ஈர வாடையும்தான். 25 லிட்டர் கீசர், 2 கிலோவாட் காயில் என்றால், 15 டிகிரி தண்ணீர் 60 ஆக 40 நிமிடம் பிடிக்கும். ஆறு பேர் வரிசையில் நின்றால் மூன்றாவது ஆளுக்கே பச்சைத் தண்ணீர். இரண்டு குளியலறைக்கும் தனித்தனி கீசர் போடுங்கள். மழைக்காலத்தில் துணி காயாது. கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு போதாது, நான்கு வேண்டும். மெத்தையைப் பலகை மேல் நேராகப் போட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும். இடைவெளி விட்ட சட்டக் கட்டில் வாங்குங்கள்.

டிரைவருக்கு ஒரு கட்டிலும் கழிப்பறையும், டெம்போ டிராவலர் திரும்ப இடமும் இருந்தால் அதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். பெரிய குடும்பங்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோக யாரையும் விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். கூடுதல் ஹீட்டர், கம்பளி வைத்துவிட்டால் அந்த ஆசையே வராது.

இரண்டு புக்கிங் இணையதளங்களில் போட்டிருந்தால், காலண்டர் ஒத்திசைவு சில மணி நேரம் தாமதமாகலாம். நீண்ட விடுமுறைகளில் ஒன்றில் புக்கிங் வந்ததும் மற்றதைக் கையால் மூடிவிடுங்கள்.