மகள் தலைவியாக வேண்டுமா?

ஐயா, என் மகள் கட்டடக்கலை கடைசி ஆண்டு படிக்கிறாள். நகர வடிவமைப்பில், சிங்கப்பூரின் வீடமைப்பு நகரங்களைத் திட்டமிட்ட லியூ தாய் கெர் போலப் பெரிய பொறுப்புக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. அவர் வகித்த பதவிகள், வாங்கிய விருதுகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறேன். பெரிய நிறுவனத்தில் சேர்வதா, எம்பிஏ படிப்பதா?
- ஒரு தாய், யீஷூன்

அன்புள்ள சகோதரிக்கு,

2025 ஜனவரியில் அவர் காலமானதிலிருந்தே எழுத நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்துவிட்டது.

எம்பிஏ படிக்கட்டும், படிக்காமல் போகட்டும், குடிமுழுகிவிடாது. முதலில் அந்தப் பட்டியலைப் பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்குங்கள். 1969இல் வீவகவில் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) சேர்ந்தார், 1979இல் தலைமை நிர்வாகி, 1989இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் என்று எழுதினால் ஏணி மட்டும்தான் தெரியும். வீவகவில் இருந்த 20 ஆண்டும் அவர் எதைப் போட்டு யோசித்தார் என்று எழுதினீர்களா? ஒரு சந்தை நடக்க எத்தனை குடும்பம் வேண்டும்? ஒரு பள்ளிக்கு எத்தனை? எத்தனை வீடு சேர்ந்தால் அக்கம்பக்கத்தார் முகம் தெரிந்து பழகுவார்கள்? இதைச் சமூகவியல் படித்தவர்களிடம் போய்க் கேட்ட கட்டடக்கலைஞர் அவர். அவர் காலத்தில் எழுந்த அரை மில்லியனுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பின்னால் இந்தக் கேள்விகள் இருக்கின்றன.

அங் மோ கியோவில் நாங்கள் இருந்தபோது அம்மாவுக்கு மூட்டுவலி. ஆனாலும் சந்தைக்குத் தானேதான் போவார். புளோக் புளோக்காகக் கீழ்த்தளத்து நிழலிலேயே நடந்து, பாதி வழியில் ஒரு கல் மேசையில் பையை இறக்கி வைப்பார். அங்கே உட்கார்ந்திருக்கும் சீனப் பாட்டி பைக்குள் எட்டிப் பார்த்து, கங்கோங் கீரையைத் தொட்டு, "பெராப்பா?" என்பார். அம்மா தனக்குத் தெரிந்த பசார் மலாயில் விலை சொல்வார். அதிகம் கொடுத்துவிட்டதாகப் பாட்டி திட்டுவார். அம்மா போனபோது எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் கிடத்தியிருந்தோம். பாட்டி காலையிலேயே வந்து, எடுக்கும்வரை நகரவில்லை.

மூட்டுவலிக்காரர் எவ்வளவு தூரம் நடப்பார், எங்கே உட்காருவார் என்று உங்கள் மகளுக்குத் தெரியுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், தெரியாமல் அவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தும் பயனில்லை. அவர் நகர மறுசீரமைப்பு ஆணையத்தில் இருந்தபோது வந்த, நாட்டின் நிலத்தை நீண்டகாலத்துக்குத் திட்டமிடும் 1991 கருத்துத் திட்டத்தில் தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட் பக்கம் வட்டார மையங்கள் வந்ததும் இதே கவலையால்தான்: வேலைக்காக எல்லாரும் நகர மையத்துக்கே ஓடவேண்டாமே. சந்தைக்கு நடக்கும் தூரத்தை யோசித்தவர்தான் நாட்டின் தூரத்தையும் யோசிக்க முடிந்தது.

உங்கள் புளோக்கில் வயதான அம்மா யாராவது இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை மகளை அவரோடு சந்தைக்கு அனுப்புங்கள். பையை அவள் தூக்கட்டும், நடை மட்டும் அந்த அம்மாவின் வேகத்தில் இருக்கட்டும். எந்த நிறுவனம் என்பதை அப்புறம் அவளே சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.