பட்டியல் கிடையாது

கேள்வி: எனக்கு வயது 43. சின்ன வயதிலிருந்தே கட்டைக் குரல். போனில் பேசினால் பாதிப் பேர் ‘சார்’ என்பார்கள். கணவர் குடும்பத்தில் எல்லோருக்கும் பாட்டுப் பைத்தியம். யார் வீட்டில் கூடினாலும் கரோக்கி உண்டு. ஒருமுறை ஆசைப்பட்டு எல்லோருக்கும் பிடித்த ஒரு பாட்டை எடுத்தேன். சரணத்தில் மேலே போகிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. “அண்ணி, நீங்க ஆம்பளைப் பாட்டு எடுத்திருக்கலாமே” என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள், என் கணவரும்தான். அன்றிலிருந்து பாட்டு மாற்றுவது, சத்தம் கூட்டிக் குறைப்பது, மைக்கை அடுத்தவரிடம் கொடுப்பது எல்லாம் என் வேலை. அடுத்த மாதம் மாமனாருக்கு எண்பதாவது பிறந்தநாள். அதற்குள் என் குரலுக்குப் பொருந்துகிற பத்துப் பாட்டுகளைச் சொல்ல முடியுமா? என் மகளுக்கும் (வயது 14) இதே குரல்தான். ஆனால் அவள் கெட்டிக்காரி. பள்ளியில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துச் சமாளித்துவிடுகிறாள்.

பதில்: பத்துப் பாட்டு கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள் கடைசி வரிக்கு வருவோம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் கொஞ்சம் பெருமையோடு.

வாயை மட்டும் அசைக்கிற பெண் என்ன சமாளித்துவிட்டாள் அம்மா? பரீட்சையில் வெற்றுத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாலும் கெட்டிக்காரி என்பீர்களா? அந்த வித்தையைப் பள்ளிக்கூடம் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு முறை குடும்பம் கூடும்போதும் தன் முறை வந்ததும் மைக்கைக் கைமாற்றிவிடுகிற ஒருத்தியை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு நாலு பேர் சிரித்த பிறகு வந்த வெட்கம், அவளுக்கு யாரும் சிரிக்காமலே வந்துவிட்டது. அந்தச் சொத்தை அவளுக்கு எழுதி வைத்தது நீங்கள்தான்.

கோபம் வந்தால் வரட்டும். ஒரு பெண் குழந்தை தன் முகத்தையும் நிறத்தையும் குரலையும் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதை முதலில் முடிவு செய்கிறவள் அவளுடைய அம்மா. இதில் நான் பழைய காலத்து ஆள். சோறு போடுவதும் படிக்க வைப்பதும் எப்படிக் கடமையோ, இதுவும் அப்படியே. அம்மா தன்னைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டே மகளிடம் மட்டும் ‘உன் குரல் நல்லாத்தான் இருக்கு’ என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

இன்னொன்று. பதினான்கு வயதில் பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்தாயியே, அதாவது ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரை முழுசாக, இறங்குவதால் ஊருக்கே தெரிகிறது. பெண்களுக்குச் சில ஸ்வரங்கள்தான் இறங்கும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. கொஞ்ச காலம் காற்றோடு கலந்து வரும், திடீரென்று உடையும். அவளுடைய குரல் இன்னும் முடிவாகவே இல்லை. அதற்குள் ‘இதே குரல்தான்’ என்று முத்திரை குத்திவிட்டீர்கள்.

பாடகி உஷா உதுப்பின் கதை தெரியுமா? பள்ளியில் அவர் குரல் மற்றவர்களோடு சேரவில்லை என்று பாட்டு வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பிறகு பாட்டு ஆசிரியை தாளம் தட்டுகிற சின்னச் சின்னக் கருவிகளைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாராம். கிட்டத்தட்ட நீங்கள் இப்போது பார்க்கிற அதே உத்தியோகம். அவர் அதிலேயே இருந்துவிடவில்லை. குரலைச் செயற்கையாக மேலே தூக்கவும் இல்லை. அந்தக் கனத்த குரலையே எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். 2024இல் பத்மபூஷண் வரை போயிற்று. இந்துஸ்தானிப் பாடகி கங்குபாய் ஹங்கலுக்கு இளம் வயதில் மெல்லிய குரல். தொண்டைச் சிகிச்சைக்குப் பிறகு அது ஆண் குரல் போலக் கனத்துவிட்டது. அந்தக் குரலில்தான் பல பத்தாண்டுகள் கச்சேரி செய்தார். நம் டி.கே. பட்டம்மாளின் குரலும் கீழே கனமாக நிற்கிற குரல்தான். நீங்கள் இவர்களைப் போல ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஒரு பிறந்தநாளில் மூன்று நிமிடம் பாடுவதற்கு இந்தக் குரல் போதாது என்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

சரி, பட்டியலுக்கு வருவோம். அடுத்தவர் தொண்டைக்கு வைத்த பட்டியல் உங்களுக்கு உதவாது. கட்டைக் குரல் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. சுருதியைக் ‘கட்டை’ என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் சுருதி உயரம். கச்சேரி பாடுகிற பெண்கள் பெரும்பாலும் 5, 5½ கட்டையில் பாடுவார்கள், ஆண்கள் 1 முதல் 2 வரை. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறீர்கள். எங்கே என்பதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். போனில் ஒரு கீபோர்டு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். கஷ்டமில்லாமல் இறங்க முடிகிற கடைசி ஸ்வரம் எது, கழுத்து நரம்பு புடைக்காமல் ஏற முடிகிற கடைசி ஸ்வரம் எது என்று பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் அடங்குகிற எந்தப் பாட்டும் உங்கள் பாட்டுதான்.

அன்று நடந்த தப்பு குரலில் இல்லை, தேர்வில். எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். பல்லவி சுகமாக வருகிறதே என்று பாட்டை எடுத்தீர்கள். பல்லவி யாருக்கும் வரும்! இசையமைப்பாளர் ஏற்றத்தைப் பெரும்பாலும் சரணத்தில்தான் வைத்திருப்பார். அதனால் பாட்டின் மிக உயரமான வரியை முதலில் பாடிப் பாருங்கள். அது வந்தால் மிச்சமும் வரும். வராவிட்டால் சுருதியைக் குறையுங்கள். இத்தனை நாள் அந்தக் கருவியை ஓட்டுகிறீர்கள், அதில் ‘கீ’ என்றோ ‘பிட்ச்’ என்றோ ஒரு பொத்தான் இருக்குமே, அதைத் தொட்டதே இல்லையா? ஒரு அழுத்து என்றால் அரை ஸ்வரம். பெண் பாட்டுகளை மூன்றிலிருந்து ஐந்து அழுத்து வரை இறக்கிப் பாருங்கள். அதற்கும் கீழே போனால் பின்னணி இசை சோம்பிப்போய்க் கேட்கும். அப்போது வேறு பாட்டு எடுத்துக்கொள்வது நல்லது. சுருதி குறைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. பெரிய பாடகர்களும் வயதாக ஆக மேடையில் சுருதியை இறக்கித்தான் பாடுகிறார்கள்.

உங்கள் நாத்தனார் சொன்னது கேலிதான், அவளுக்கு நல்ல எண்ணம் இருந்ததாக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் விஷயமாகப் பார்த்தால் பாதி சரி. உயர்ந்த குரலில் பாடுகிற ஆண்களின் பாட்டுகள் பல, கட்டைக் குரல் பெண்களுக்கு மூலச் சுருதியிலேயே பொருந்தும். ரொம்பக் கீழே பாடுகிற ஆண்களின் பாட்டு என்றால் இரண்டு மூன்று அழுத்து மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். டூயட் வந்தால் தைரியமாக ஆண் பகுதியை எடுங்கள். இருவருக்கும் ஒரே சுருதி என்பதால் பெண் பகுதி பல பாட்டுகளில் உச்சியில் போய் நிற்கும். அங்கே போய் மல்லுக்கட்ட வேண்டாம். ஆங்கிலம் பழக்கம் என்றால் கரேன் கார்ப்பென்டர், ட்ரேசி சாப்மன் பாடியவற்றைக் கேளுங்கள். இரண்டும் இறங்கிய குரல்கள், கத்தாமலே காரியம் முடித்தவை. பொதுவாகவே, நிதானமாக நடக்கிற, சொல்லுக்கு இடம் கொடுக்கிற, நீண்ட உச்ச ஸ்வரம் இல்லாத பாட்டு உங்களுக்கு நல்லது.

எக்கோவைக் குறைத்துவிடுங்கள். எக்கோ கூடினால் கனத்த குரல் குழம்பிப்போகும். மைக்கை உதட்டோடு ஒட்ட வைத்தாலும் அப்படித்தான், அடிச்சத்தம் வீங்கிவிடும். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். இசையின் சத்தத்தையும் ஒரு படி இறக்குங்கள், கீழ் ஸ்வரங்களை வாத்தியம் மூடிவிடும்.

சின்ன வயதிலிருந்தே இந்தக் குரல் என்பதால் மருத்துவரைப் பற்றி நான் பேசவில்லை. யாருக்காவது திடீரென்று குரல் கனத்தாலோ, கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

உங்கள் கணவரை மறக்கவில்லை. ‘என் கணவரும்தான்’ என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். கட்டியவளைப் பார்த்து நாலு பேர் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிப்பது வேடிக்கை இல்லை, கைவிடுவது. அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம், ஏனென்றால் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். இந்த வாரமே சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், அன்று வலித்தது என்று மட்டும் சொல்லுங்கள். பிறந்தநாளன்று கருவியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கும் அவரே பதிலாக இருக்கட்டும்.

அடுத்த மாதம் வரை தினமும் ஒரே பாட்டைக் கதவைச் சாத்தாமல் பாடிப் பழகுங்கள். மகள் காதில் விழ வேண்டும். அவளைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பிறந்தநாளில் மைக்கை அவள் கையில் திணிக்கவும் வேண்டாம். என்றாவது அவளாக வந்து கேட்டால் உயரமான வரியைப் பாடிப் பார்க்கவும், பொத்தானை அழுத்தவும் சொல்லிக் கொடுங்கள். எந்தப் பாட்டு என்பதை அவளே எடுக்கட்டும், உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத பாட்டாக இருந்தாலும் சரி.