ஐந்து நிமிடமா, ஆறு மாதமா?

கேள்வி: 1942 ஜூன் 4 அன்று பசிபிக் கடலின் மிட்வே தீவு அருகே ஐந்தே நிமிடத்தில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் தீப்பற்றியபோதே பசிபிக் போரின் முடிவு தெரிந்துவிட்டது, பிறகு தீவு தீவாக நடந்ததெல்லாம் முடிந்த கணக்கைக் கூட்டிப் பார்த்ததுதான் என்கிறார் என் நண்பர். சரிதானா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கணக்கு என்று நண்பரே சொல்லிவிட்டதால், அவரிடம் ஒரு கணக்கையே கேளுங்கள். அதே ஆண்டு அக்டோபர் 26-ல் சாந்தா குரூஸ் தீவுகளுக்கு அருகே நடந்த சண்டை ஓய்ந்தபோது, பசிபிக்கில் அமெரிக்காவிடம் இயங்கும் நிலையில் எத்தனை விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன? ஒன்றே ஒன்று, அதுவும் குண்டடி பட்டிருந்த எண்டர்பிரைஸ். வாஸ்ப் செப்டம்பரிலேயே மூழ்கியிருந்தது. ஹார்னெட் இந்தச் சண்டையில் போயிற்று. டார்பிடோ தாக்கிய சரடோகா பழுதுபார்ப்பில் கிடந்தது. மிட்வேயில் வென்று ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில் வென்றவரின் கையிருப்பு இதுதான் என்றால், கணக்கு முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

மிட்வேயை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கி, சென்னைவாசிகளை மூட்டை முடிச்சுடன் ஊரைக் காலி செய்ய வைத்த படையில் இருந்த அகாகி, சோரியூ, ஹிரியூ ஆகிய மூன்றும் காகாவோடு சேர்ந்து அங்கேதான் கடலடிக்குப் போயின. ஆனால் ஜப்பான் அங்கே இழந்தது பெரும்பாலும் கப்பல்களைத்தான். அவற்றின் விமானிகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். மிட்வேயில் பலியான விமானக் குழுவினர் சுமார் 110 பேர். ஜப்பான் வென்றதாகக் கருதப்படும் சாந்தா குரூஸில் 148 பேர். மிட்வே ஜப்பானின் முன்னேற்றத்தை நிறுத்தியது. நிறுத்துவது வேறு, திருப்புவது வேறு. ஜூலையில்கூட ஜப்பானியர்கள் சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் காட்டை வெட்டி ஓடுதளம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 7-ல் கரையிறங்கிய அமெரிக்கப் படை அந்த ஓடுதளத்தைப் பிடித்து, மிட்வேயில் உயிரிழந்த மேஜர் ஹெண்டர்சனின் பெயரைச் சூட்டியது. போரைத் திருப்பியது அந்த மண் பாதைதான். ஜப்பானின் பெரிய தளமான ரபாவுல் சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்ததால், அங்கிருந்து வரும் விமானம் சண்டையிடக் கிடைத்த நேரம் சொற்பம். ஹெண்டர்சன் தளத்து விமானங்களோ பகல் முழுவதும் கடலைக் காவல் காத்தன. மெதுவாகச் செல்லும் சரக்குக் கப்பல் பகலில் நெருங்க முடியாது என்பதால், வேகமான சிறு போர்க்கப்பல்களான நாசகாரிகளில் இரவோடு இரவாக ஆட்களை இறக்கிவிட்டு விடிவதற்குள் ஓட வேண்டியிருந்தது. நாசகாரியில் ஆள் ஏற்றலாம். கனரகப் பீரங்கியையும் மாதக்கணக்கில் சாப்பிடுவதற்கான அரிசியையும் ஏற்ற முடியாது.

இரவு ஜப்பானியர்களுடையதாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 9 அதிகாலையில் குவாடல்கனாலை அடுத்த சாவோ தீவருகே நான்கு நேச நாட்டுக் குரூசர் போர்க்கப்பல்களை மூழ்கடித்த ஜப்பானியத் தளபதி மிக்காவா, பாதுகாப்பற்று நின்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல்களைத் தொடாமலே திரும்பிப் போனார். என்னைக் கேட்டால், அந்த விடியலின் தவறு மிட்வேயின் ஐந்து நிமிடத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

திருப்பத்துக்கு ஒரே ஒரு நாளைத்தான் சொல்ல வேண்டும் என்று நண்பர் பிடிவாதம் பிடித்தால், நவம்பர் 14 என்பேன். துருப்புகளோடும் உணவோடும் வந்த 11 ஜப்பானியக் கப்பல்களில் ஆறு கப்பல்களை விமானங்கள் அன்று மூழ்கடித்தன, இன்னொன்று பலத்த சேதத்தோடு திரும்பிப் போனது. மிச்சமிருந்த நான்கைத் தளபதி தனாகா கரையில் மோதி நிறுத்த, மறுநாள் அவையும் எரிந்தன. 14-ஆம் தேதி இரவு துணைக்கு வந்த கிரிஷிமா என்ற போர்க்கப்பலை, ராடார் வழிகாட்ட, அமெரிக்காவின் வாஷிங்டன் என்ற போர்க்கப்பல் வீழ்த்தியது.

அதற்குப் பிறகு ஜப்பானியத் துருப்புகளுக்கு அரிசி வந்த விதத்தைக் கேளுங்கள். இரும்பு டிரம்களைக் கழுவி, மிதப்பதற்காக நிரம்ப அடைக்காமல் அரிசியைப் போட்டு, கயிற்றில் கோத்து, கரைக்கு அருகே இரவில் கடலில் தள்ளிவிடுவார்கள். பசியில் எலும்பும் தோலுமான வீரர்கள் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும். விடிந்ததும் கடலில் மிதப்பவற்றை விமானங்கள் வந்து சுட்டு மூழ்கடித்துவிடும். டிசம்பர் 3 இரவு தள்ளிவிட்ட 1,500 டிரம்களில் கரை சேர்ந்தவை 310. ‘பட்டினித் தீவு’ என்று ஜப்பானியர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். அங்கே மாண்ட சுமார் 20,000 படைவீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொன்றவை பசியும் நோயும்தான்.

டிசம்பர் 31-ல் பேரரசர் முன்னிலையில் பின்வாங்க முடிவானது. 1943 பிப்ரவரி முதல் வாரத்தில் 10,000-க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றிக் கொண்டுபோனார்கள். அதை மட்டும் திறமையாகவே செய்தார்கள்.

நண்பரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். மிட்வேத் திட்டத்தின்படி அந்தத் தீவில் இறங்கவிருந்தது ஜப்பானியக் கர்னல் இச்சிகியின் படை. அதிலிருந்து சுமார் 900 பேர் ஆகஸ்ட் 21-ல் குவாடல்கனாலில் பாய்ந்து, ஏறத்தாழ 800 பேர் மணலில் மாண்டார்கள். மிட்வேத் திட்டத்தை வகுத்த ஜப்பானியக் கடற்படைத் தளபதி யாமாமோட்டோவின் விமானத்தை 1943 ஏப்ரல் 18-ல் சுட்டு வீழ்த்திய அமெரிக்க விமானங்கள் கிளம்பியதும் குவாடல்கனாலிலிருந்துதான்.