நாளிதழ் படித்தும் மதிப்பெண் ஏறவில்லையா? கேட் தேர்வுக்கு எதை, எப்படி வாசிப்பது

கேள்வி: ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். ஐஐஎம் என்னும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட் (CAT) தேர்வை வரும் நவம்பரில் எழுதப் போகிறேன். கணக்கில் பயமில்லை, ஆங்கிலப் பகுதிதான் காலை வாருகிறது. மூன்று மாதமாகத் தினமும் ஒரு மணி நேரம் ஆங்கில நாளிதழ் படிக்கிறேன், சொற்பட்டியலும் மனப்பாடம் செய்கிறேன். ஆனாலும் மாதிரித் தேர்வுகளில் உரைப்பகுதியைப் படித்து விடையளிக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் தவறாகிறது. தத்துவம், கலை பற்றி வந்தால் மண்டையில் ஒன்றும் ஏறுவதில்லை. வேக வாசிப்பு வகுப்பில் சேரலாமா? நாவல்கள் படிக்க வேண்டுமா?

பதில்: உங்கள் உழைப்பில் குறையில்லை. ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது எளிதல்ல. அந்த ஒரு மணி நேரத்தில் எதை வாசிக்கிறீர்கள், வாசித்து முடித்ததும் என்ன செய்கிறீர்கள் என்பதை மாற்றினால் போதும்.

முதலில் தேர்வு என்ன கேட்கிறது என்று பார்ப்போம். ஆங்கிலப் பகுதிக்கு 40 நிமிடம், அண்மை ஆண்டுகளில் 24 கேள்விகள். அவற்றில் 16 கேள்விகள் நான்கு உரைப்பகுதிகளிலிருந்து வருகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 சொற்கள். மீதி எட்டும் வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, பத்தியின் சாரத்தைத் தேர்ந்தெடுப்பது, விடுபட்ட வாக்கியம் எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிப்பது போன்றவை. அவையும் வாசிப்புதான். இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன, இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எது என்ற நேரடிக் கேள்விகள் இப்போது வருவதில்லை. ஆகவே சொற்பட்டியலை இன்றே மூடி வைத்துவிடுங்கள். கணக்கில் அள்ளி ஆங்கிலத்தை ஈடுகட்டிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஐஐஎம்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே குறைந்தபட்சச் சதமானம் (எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினரைவிட முன்னே இருக்கிறீர்கள் என்ற கணக்கு) வைத்திருக்கின்றன.

நாளிதழ் ஏன் உதவவில்லை? செய்தி என்பது தகவல். யார், எங்கே, எப்போது என்பது முதல் பத்தியிலேயே முடிந்துவிடும். கீழே போகப் போக முக்கியத்துவம் குறையும். மேலோட்டமாகப் பார்த்தாலே போதும் என்ற பழக்கத்தை அதுவே நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. கேட் உரைப்பகுதி அதற்கு நேர்மாறானது. ஒரு கருத்தை முன்வைத்து, அதற்கு மறுப்பைச் சொல்லி, மறுப்புக்கும் பதில் சொல்லி, ஆசிரியர் உண்மையில் நம்புவதைக் கடைசிப் பத்தியில் கொண்டுவந்து வைப்பார். தலையங்கங்களில் ஓரளவு வாதம் உண்டு. ஆனால் பழகிய அரசியல், பழகிய பொருளாதாரம் என்பதால் ஆசிரியர் சொல்லாததையும் நாமே நிரப்பிக்கொண்டு கடந்துவிடுகிறோம்.

இதை ஒரு சிறிய மாதிரியில் காட்டுகிறேன். புரிவதற்காகத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்:

"சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று கோயிலில் இருக்கும்போது பட்டும் மாலையும் நகையும் சார்த்தப்பட்டிருக்கும், பக்தர் காண்பது முகமும் கைகளும்தான். அதே திருமேனி அருங்காட்சியகத்துக்கு வந்ததும் அலங்காரம் களையப்பட்டு, விளக்கொளியில், எல்லாப் பக்கமிருந்தும் பார்க்கும்படி நிறுத்தப்படுகிறது. இடுப்பின் வளைவும் விரல்களின் நளினமும் இப்போதுதான் பேசப்படுகின்றன. அருங்காட்சியகம் திருமேனியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்வோம். ஆனால் அது காப்பாற்றியதோடு நிற்கவில்லை. வணங்கப்பட்ட ஒன்றைக் கலைப்பொருளாகப் பார்க்கும் கண்ணையும் நமக்குக் கொடுத்திருக்கிறது."

ஆசிரியரின் மையக் கருத்து எது என்பது கேள்வி. நான்கு விடைகள்: அ) கோயிலைவிட அருங்காட்சியகத்தில் திருமேனிகள் பாதுகாப்பாக இருக்கின்றன. ஆ) பக்தர்களுக்குச் சிற்பத்தின் அருமை தெரிவதில்லை. இ) ஒரு பொருள் இருக்கும் இடம், அதை நாம் எதுவாகக் காண்கிறோம் என்பதையே மாற்றிவிடுகிறது. ஈ) அருங்காட்சியகத்துக்குப் போன திருமேனிகளைக் கோயில்களிடம் திருப்பித் தர வேண்டும்.

விடை இ. ஆனால் தவறான மூன்றும் எப்படி ஆளை இழுக்கின்றன என்று பாருங்கள். 'அ'வைத் தேர்ந்தெடுப்பவர் 'காப்பாற்றி' என்ற சொல்லை உரைப்பகுதியில் பார்த்த நினைவில் தேர்ந்தெடுக்கிறார். ஆசிரியரோ அதை எல்லோரும் பொதுவாகச் சொல்வதாகச் சொல்லி, அடுத்த வாக்கியத்தையே 'ஆனால்' என்று திருப்புகிறார். 'ஆ'வில் பாதி உண்மை. பக்தர் காண்பது முகமும் கைகளும்தான் என்று மட்டுமே உரை சொல்கிறது. அருமை தெரியாது என்ற தீர்ப்பு நாம் ஒட்டவைத்தது. 'ஈ' நாளிதழ் வாசகருக்கென்றே வைத்த பொறி. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் சிலை 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்த செய்தியெல்லாம் நம் மனத்தில் இருக்கிறது. திருமேனி, அருங்காட்சியகம் என்ற இரண்டு சொற்களைக் கண்டதும் அந்த நினைவு விடை சொல்லிவிடுகிறது. சரியான 'இ'யை மறுபடி படியுங்கள். திருமேனி, கோயில், பக்தர் என்று உரைப்பகுதியின் முக்கியச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. கேட் தேர்வின் சரியான விடைகள் பெரும்பாலும் இப்படித்தான், உரையின் சொல்லை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு வரும். பொருளைப் பிடிக்காமல் சொற்களை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் அதை எளிதில் தாண்டிப் போய்விடுவார்.

ஆகவே உங்கள் புதிய பழக்கம் இதுதான். நாளுக்கு ஒரே ஒரு கட்டுரை, 1,000 முதல் 1,500 சொற்கள் கொண்டது, ஒரே அமர்வில். முதல் மூன்று வாரம் கடிகாரம் வேண்டாம். செல்பேசி வேறு அறையில் இருக்கட்டும். தெரியாத சொல் வந்தால் நிற்காதீர்கள். சூழலை வைத்து ஊகித்துவிட்டு மேலே போங்கள். முடித்ததும் திரையை மூடிவிட்டு, ஆசிரியர் என்ன சொல்கிறார், யாருடைய கருத்தை மறுக்கிறார் என்று இரண்டே வாக்கியத்தில், தமிழில், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தமிழில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் சாரம் எழுதச் சொன்னால் கட்டுரையிலிருந்தே நாலு சொற்றொடர்களை எடுத்துக் கோத்துவிட முடியும். புரிந்ததா என்று உங்களுக்கே தெரியாது. தமிழில் சொல்லும்போது அந்த வழி அடைபட்டுவிடுகிறது. புரிந்திருந்தால் வாய் திறக்கும், புரியாவிட்டால் முதல் வாக்கியத்திலேயே தடுமாறும். தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பயிற்சியில் அது உங்கள் பலம். சொல்ல வரவில்லை என்றால் மறுபடி திறந்து, வாதம் எந்தப் பத்தியில் திரும்புகிறது என்று தேடுங்கள். அகராதியை அதற்குப் பிறகு எடுக்கலாம், வழியை மறித்த சொற்களுக்கு மட்டும். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் போகும்போது முந்தைய நாள் கட்டுரையை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடுகிற பஸ்ஸில் செல்பேசியில் வாசிப்பதைவிட இது மேல்.

கட்டுரைகளுக்கு எங்கே போவது? ஏயான், ஜேஸ்டோர் டெய்லி, தி கார்டியனின் நெடுங்கட்டுரைப் பகுதி, தி கான்வர்சேஷன் ஆகியவற்றை இணையத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். முந்தைய கேட் உரைப்பகுதிகள் பல இந்த வகை இதழ்களிலிருந்து எடுக்கப்பட்டவையே. ஏயானை முதல் வாரமே தொடாதீர்கள், அதன் நடை கனமானது. கான்வர்சேஷனில் தொடங்கி ஜேஸ்டோர் டெய்லிக்குப் போய், பிறகு ஏயானுக்கு வாருங்கள். மடிக்கணினியில் வாசியுங்கள். தேர்வு கணினித் திரையில்தான். காகிதத்தில் அடிக்கோடு போட்டுப் படித்துப் பழகியவர் அங்கே கை கட்டப்பட்டதுபோல உணர்வார்.

தத்துவமும் கலையும் ஏறவில்லை என்பதற்கு மொழியைவிடப் பின்னணி இல்லாததே பெரிய காரணம். பதினோராம் வகுப்பிலிருந்து இயற்பியல், வேதியியல், கணக்கு என்று போன ஒருவர் அரசியல் கோட்பாட்டையோ அறவியலையோ எங்கே படித்திருக்க முடியும்? இதற்கு நம் கையருகிலேயே ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களில் அரசியல் அறிவியல், வரலாறு, பொருளியல், அறவியலும் இந்தியப் பண்பாடும் ஆகியவை தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. இணையத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடத்தைத் தமிழில் வாசியுங்கள். மறு ஞாயிறு அதையே ஆங்கிலத்தில் வாசியுங்கள். இறையாண்மை, தனிமனித உரிமை, பயன்பாட்டுவாதம் போன்ற கருத்துகள் தமிழில் ஒருமுறை மனத்தில் உட்கார்ந்துவிட்டால், ஆங்கிலத்தில் அவை அந்நியமாக வந்து நிற்பதில்லை.

வேக வாசிப்பு வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 150 சொற்கள் என்பது நிதானமான வேகம். அந்த வேகத்திலும் 500 சொற்களுக்கு மூன்றரை நிமிடம்கூட ஆகாது. நான்கு உரைப்பகுதிக்கும் சேர்த்து 14 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மற்ற எட்டுக் கேள்விகளுக்குப் போக மீதி நேரம் எங்கே போகிறது? இரண்டு விடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, உரைக்கு நான்கு முறை திரும்பிப் போவதில் கரைகிறது. முதல் வாசிப்பிலேயே ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்தவருக்கு அந்தத் தடுமாற்றம் குறையும். வேகம் தானாக வரும்.

முந்தைய ஆண்டு வினாத்தாள்களை இப்போதே தீர்த்துவிடாதீர்கள். 2021-லிருந்து 2024 வரை ஆண்டுக்கு மூன்று தேர்வு அமர்வுகள் (ஒவ்வொன்றுக்கும் தனி வினாத்தாள்), அமர்வுக்கு நான்கு உரைப்பகுதிகள் என்று ஆண்டுக்கு 12 கிடைக்கின்றன. இதைவிட நல்ல சரக்கு வெளிச்சந்தையில் கிடையாது. ஜூலை வரை கட்டுரைகள் போதும். ஆகஸ்டிலிருந்து நாளுக்கு ஓர் உரைப்பகுதி. தவறான ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: நான் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன், உரையின் எந்த வரி இதை மறுக்கிறது. சரியான விடை எது என்று எழுதுவதால் பெரிய பயனில்லை, அதே கேள்வி மறுபடி வரப்போவதில்லை. உங்களைத் தவறச் செய்யும் காரணம் மட்டும் திரும்பத் திரும்ப வரும். சிலருக்குச் சொல் ஒற்றுமை, சிலருக்கு வெளி அறிவு, சிலருக்கு 'எப்போதும்', 'மட்டுமே' போன்ற சொற்களைக் கவனிக்காமல் விடுவது. இரண்டு மாதத்தில் உங்களுடையது எது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். கொள்குறிக் கேள்வியில் சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. எனவே இந்த நோட்டின் பயன் இரட்டிப்பு. விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவு இல்லை, அவற்றை வெறுமனே விட்டுவிட்டு வராதீர்கள்.

நாவல்? பிடித்தால் படியுங்கள், தூங்கப் போகும் முன் நல்ல துணை. தேர்வுக்காகக் கடமையாகப் படிக்க வேண்டியதில்லை. இரவு ஷிப்ட் வாரத்தில் கட்டுரை முடியாது என்றால் 500 சொற்களில் ஒன்றை எடுங்கள். ஆனால் தமிழில் சொல்லிப் பார்ப்பதை மட்டும் விடாதீர்கள். அளவு குறைந்தாலும் அது நடக்க வேண்டும்.

ஜனவரியில் எக்ஸ்எல்ஆர்ஐ மேலாண்மைக் கல்லூரி நடத்தும் எக்ஸாட் (XAT) தேர்வையும் எழுதும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். அதில் கவிதை கொடுத்துப் பொருள் கேட்பதும் உண்டு. ஆங்கிலக் கவிதை என்றதும் பின்வாங்க வேண்டாம். பள்ளித் தமிழ்த் தேர்வில் 'நயம் பாராட்டுக' என்ற கேள்விக்கு மையக் கருத்து, அணி, சந்தம் என்று பிரித்து எழுதியிருப்பீர்கள். மையக் கருத்துக்காக அன்று செய்ததையே இங்கும் செய்யுங்கள்: கவிதையைச் சத்தமாக இரண்டு முறை வாசியுங்கள், பேசுவது யார், யாரிடம் பேசுகிறார் என்று முடிவு செய்யுங்கள், பிறகு விடைகளைப் பாருங்கள். அக்டோபரிலிருந்து வாரம் ஒரு கவிதை எடுத்துக்கொண்டால் போதுமானது.